கடல்நீரில் ஹைட்ரஜன்: ஆனோடு அரிக்காமல் இருக்க எந்த வழி?

அக்கா மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். அவளும் தோழிகள் மூன்று பேரும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் 20 லிட்டர் கேன் இரண்டு நிறையக் கடல்நீர் பிடித்து, விருத்தாசலம் வழியாக ரயிலில் சேலத்துக்குக் கொண்டுவந்து, நேராக என் பட்டறையில் இறக்கி வைத்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு முலாம் பூசுகிற பட்டறை என்னுடையது. கரண்டை டி.சி.யாக மாற்றித் தருகிற ரெக்டிஃபையர் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, கேட்டால் மாமா மறுக்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். புராஜெக்ட் இதுதான்: கடல்நீரை மின்பகுப்பு செய்து, அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்து, ஹைட்ரஜன் எடுக்க வேண்டும், மின்வாய் அரிக்கக் கூடாது. மின்வாய் என்றால் தண்ணீருக்குள் கரண்டைக் கொண்டுபோகிற தகடு: நேர்முனை ஆனோடு, ஹைட்ரஜன் வருகிற எதிர்முனை கேத்தோடு.

மதியம் நான் சாப்பிட்டு வருவதற்குள் அவர்களே ஒரு சோதனை போட்டுப் பார்த்துவிட்டார்கள். பீக்கரில் கடல்நீர், எவர்சில்வர் தகடு இரண்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கதவைத் திறந்ததுமே பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. கேத்தோடு தகட்டில் இட்லி மாவு காய்ந்தது போல வெள்ளைப் படிவு. ஆனோடு பக்கம் தண்ணீர் மஞ்சளாகி, அடியில் பழுப்பாகச் சேறு இறங்கியிருந்தது. தகட்டைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஊசியால் குத்தியது போல அங்கங்கே ஓட்டை, ஓரமெல்லாம் கரையான் தின்றது மாதிரி. முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னுதானே மாமா சொல்வாங்க" என்றாள். உருக்காலை இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளை, அந்த நம்பிக்கை இயல்புதான். சமையலறையில் அது உண்மையும்கூட. ஆனால் 304 எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது, அதன் மேல் படிகிற கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஆனோடாக வைத்து கரண்ட் கொடுத்தால் குளோரைடு அந்தத் தோலில் ஓட்டை போடும், உள்ளே இருக்கிற குரோமியம் ஆறு இணைதிறன் குரோமியமாகக் கரைந்து வரும். அந்த மஞ்சள் நிறம் அதுதான். புற்றுநோய் தரக்கூடிய விஷம் அது. குரோம் தொட்டி வைத்திருக்கிற எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

சாக்கடையில் ஊற்றப் போனவர்களை நிறுத்தி, நானே சுத்தம் செய்தேன். முதலில் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசல் போட்டு, அந்தப் பிளீச்சிங் வாசம் தருகிற ஹைப்போகுளோரைட்டைக் கொல்ல வேண்டும், அப்புறம்தான் ஆசிட் விட்டுக் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்க வேண்டும், கடைசியில் சுண்ணாம்பு போட்டு வண்டலாக இறக்க வேண்டும். வரிசை மாறி ஆசிட்டை முதலில் ஊற்றினால் குளோரின் வாயு குபீரென்று கிளம்பும். வீட்டில் உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் கரண்டியை வைத்து ஹைட்ரஜன் செய்து பார்க்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு முயற்சி செய்கிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் ஆனோடு வேண்டவே வேண்டாம்.

சரி, வேறு எதை வைப்பது? அன்று சாயங்காலம் டீ வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்த்தோம்.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள், அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். கேத்தோடு ஓரம் காரத்தன்மை ஏறுவதால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது, அந்த வெள்ளை மாவு அதுதான். நம் ஊர் மேக்னசைட் வெள்ளைக்கல்லிலும் இருப்பது இதே மக்னீசியம்தான். கேத்தோடில் வருகிற தொல்லை அடைப்புதான், ஆசிட்டில் கழுவினால் போய்விடும். ஆனோடில் வருவது அழிவு. தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வெளிவரக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட், குளோரைடிலிருந்து குளோரின் வர 1.36 வோல்ட். கணக்குப்படி ஆக்சிஜன்தான் முந்த வேண்டும். ஆனால் ஆக்சிஜன் உருவாக நான்கு எலக்ட்ரான் கைமாற வேண்டும், குளோரினுக்கு இரண்டே போதும், அதனால் நடைமுறையில் குளோரின் சுலபமாக முந்திவிடுகிறது. குளோரினும் ஹைப்போகுளோரைட்டும் உலோகத்தை அரிக்கும். குளோரைடு அயனி அதற்கு முன்பே குழி தோண்டத் தொடங்கிவிடும். குழிக்குள் கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் இன்னும் குளோரைடை இழுக்கும், குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொண்டு போகும்.

படகுக்கும் கீசருக்கும் வைக்கிற மாதிரி ஒரு துத்தநாகக் கட்டியோ மக்னீசியம் கம்பியோ வைத்துக் காப்பாற்றலாமே என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் இங்கே நடக்காது. அந்த முறை படகின் அடிப்பாகத்தைக் கேத்தோடாக்கிக் காப்பாற்றுகிறது. நமக்கோ ஆனோடு ஆனோடாகவே இருந்து வேலை செய்தாக வேண்டும். அதை அதோடு விட்டோம். ஹைட்ரசீன் கலந்து, குளோரின் வராத அளவுக்கு வோல்டேஜைக் குறைக்கிற வழியையும் ஒருத்தி படித்திருந்தாள். ஹைட்ரசீன் கொடிய நஞ்சு, என் பட்டறைக்குள் அது வராது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து டைட்டானியம். இது எனக்குப் பழகிய பொருள். ரோடியம் தொட்டியில் பிளாட்டினம் பூசிய டைட்டானியம் வலைதான் ஆனோடாகத் தொங்குகிறது, நிக்கல் தொட்டியில் டைட்டானியம் கூடை. வெறும் டைட்டானியத்தை ஆனோடாக வைத்தால் மேலே ஆக்சைடு படிந்து கரண்டையே தடுத்துவிடும். அதனால் மேலே ருத்தேனியம் ஆக்சைடோ இரிடியம் ஆக்சைடோ பூச வேண்டும். 1960களில் ஹென்றி பீர் கண்டுபிடித்த இந்தப் பூச்சுதான் காஸ்டிக் சோடா தொழிலையே மாற்றியது. அதுவரை கிராஃபைட் ஆனோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தேய்ந்துகொண்டே இருந்தன. நம் நாட்டில் இந்த வகை ஆனோடுகளை உருவாக்கியதில் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மாவட்டத்திலேயே மேட்டூரில் உப்புநீரை மின்பகுப்பு செய்து காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு சுமார் 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே வரும். ஆக, உப்புநீரிலிருந்து ஹைட்ரஜன் என்பது நமக்குப் பல காலமாகத் தெரிந்த வேலைதான்.

அரிப்பு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் பூச்சுப் பூசிய டைட்டானியத்துக்கே முதல் மதிப்பெண். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பூச்சு குளோரினுக்கு வழிவிடுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 35 கிலோ குளோரின் கூடவே வரும். குளோரின் வேண்டியிருக்கிற ஆலைக்கு அது வருமானம். கடலோர மின்நிலையங்கள் குளிர்விக்கிற கடல்நீரில் பாசி பிடிக்காமல் இருக்க இதே முறையில்தான் ஹைப்போகுளோரைட் செய்துகொள்கின்றன. எரிபொருளுக்காக ஹைட்ரஜன் செய்யப் போனால் கதை வேறு. 2030-க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று இந்தியா 2023-ல் இலக்கு வைத்தது. அத்தனையும் இந்த வழியில் வந்தால் 17.5 கோடி டன் குளோரின் சேரும். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் தயாராகிற குளோரினைவிட அது பல கோடி டன் அதிகம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பூச்சின் மேல் மாங்கனீசு ஆக்சைடு அடுக்கு ஒன்று சேர்த்துக் குளோரைடை உள்ளே விடாமல் தடுத்து, ஆக்சிஜனை மட்டும் வரவைக்கலாம். 1980லிருந்தே இந்த வேலை நடக்கிறது, ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஹாஷிமோட்டோ குழு மாங்கனீசோடு மாலிப்டினம், டங்ஸ்டன் எல்லாம் சேர்த்துப் பல வருடம் உழைத்திருக்கிறது. அருமையான வேலை. ஆனால் இரிடியம் இல்லாமல் இந்தக் கட்டடம் நிற்காது, இரிடியம் விலை நம் பிள்ளைகளின் பட்ஜெட்டுக்கு எட்டாது.

மூன்றாவது வழிதான் ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய வருகிறது: கடல்நீரில் காரத்தைக் கலந்து, நிக்கல் ஆனோடை வைப்பது. காரக் கரைசலில் ஆக்சிஜனுக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் நடுவே சுமார் 0.48 வோல்ட் இடைவெளி கிடைக்கிறது. நல்ல நிக்கல்-இரும்பு வினையூக்கி பூசினால் அந்த இடைவெளிக்குள்ளேயே வேலையை முடித்துவிடலாம், குளோரின் பேச்சே இல்லை. குளோரைடு மட்டும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும், குழி பறிக்கப் பார்க்கும். 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜி டாய் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. பஞ்சு மாதிரி துளைகள் உள்ள நிக்கல் நுரையின் மேல் நிக்கல் சல்ஃபைடு, அதன் மேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு. கரண்ட் ஓட ஓட சல்ஃபைடு சல்ஃபேட்டாகி, கார்பனேட்டோடு சேர்ந்து எதிர்மின்னூட்டம் உள்ள வேலி ஒன்று உருவாகிறது. குளோரைடும் எதிர்மின்னூட்டம்தான், அதனால் வேலியிலேயே தள்ளிவிடப்படுகிறது. 1000 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. 2023-ல் அடிலெய்டு பல்கலைக்கழகக் குழு கோபால்ட் ஆக்சைடின் மேல் குரோமியம் ஆக்சைடைப் போர்த்தி, காரம் கலக்காத கடல்நீரிலேயே மின்வாய்களின் பரப்பை மட்டும் காரமாக்கிக் காட்டியது.

படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது, மறைக்கவில்லை. முலாம் பூசுகிறவனுக்கு ஒரு மைக்ரான் பூச்சு என்ன வேலை செய்யும் என்பது தெரியும். அதே சமயம் ஒரு பூச்சில் ஒரே ஒரு ஊசித்துளை இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கொலுசில் ஊசித்துளை வந்தால் அந்த இடம் கறுக்கும், திரும்பப் பூசிக் கொடுத்துவிடலாம். கடல்நீரில் அந்தத் துளைதான் குழியின் வாய். 1000 மணி என்பது கணக்குப் பார்த்தால் 42 நாள். சாதாரணக் கார மின்பகுப்பானில் நிக்கல் மின்வாய்கள் 60,000 மணி ஓடுகின்றன.

இந்த வழியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தண்ணீர்தான் செலவாகிறது, உப்பு செலவாவதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் போனால் 315 கிராம் உப்பு தொட்டியில் தங்கும். மறுபடி கடல்நீர் ஊற்றினால் மறுபடி 315. கொஞ்ச நாளில் சாதாரண உப்பே படிகமாக இறங்கத் தொடங்கும், அந்த அளவுக்குக் குளோரைடு ஏறியிருக்கும். வெளியேற்றலாம் என்றால் விலை கொடுத்து வாங்கிய காரமும் சேர்ந்து போகும். அதுபோக காரம் கலந்ததுமே மக்னீசியம் எல்லாம் வெள்ளையாக இறங்கும், வடிகட்டியாக வேண்டும். வடிகட்டுவது, உப்பை எடுப்பது என்று போனால், கடல்நீரை அப்படியே பயன்படுத்துகிறோம் என்று சொல்வதற்கே அர்த்தமில்லை.

இந்த இடத்தில்தான் அக்கா மகள் நோட்டில் ஒரு கணக்குப் போட்டாள், எனக்கு அதுவரை தோன்றவில்லை. கடல்நீரை ஆர்.ஓ. முறையில் நல்ல தண்ணீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குத் தாராளமாக 20 லிட்டர் என்று வைத்தாலும் 0.08 யூனிட். அதே ஒரு கிலோவைப் பிரிக்க மின்பகுப்பானுக்கு வேண்டியது 50 முதல் 55 யூனிட். அவ்வளவுதானா என்று நான் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். 500 ரூபாய் செலவுக்கு நடுவே 80 பைசாவை மிச்சம் பிடிக்க, விலை உயர்ந்த ஆனோடையே பணயம் வைக்கிறோம். சென்னைக்குப் பக்கத்தில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற ஆலைகள் பத்து வருடத்துக்கும் மேலாக நிற்கின்றன. தொழில்நுட்பம் கைக்குள் இருக்கிறது.

அதனால் என் தீர்ப்பைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடற்கரையில் பெரிய அளவில் ஹைட்ரஜன் ஆலை போடுகிறவர்களுக்கு, முதலில் ஆர்.ஓ., மிச்சமிருக்கும் அயனிகளையும் எடுத்துவிட்டு, 30 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நிக்கல் மின்வாய். அரிப்பைத் தாங்குகிற ஆனோடைத் தேடுவதைவிட, அரிக்கிற குளோரைடை ஆனோடு பக்கம் வரவிடாமல் செய்வது எத்தனையோ மேல். வீட்டில் போர் தண்ணீர் உப்பு என்றால் கீசர் காயிலை மாதாமாதம் மாற்றிக்கொண்டிருப்போமா, தண்ணீரைச் சரி செய்வோமா?

ஆனால் பிள்ளைகளுக்கு அது உடனே உதவவில்லை. வீட்டு ஆர்.ஓ. மெஷின் கடல்நீரைத் தொடக்கூட முடியாது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே 27 பார் அளவில் இருக்கிறது, அதைத் தாண்டித் தள்ள 55, 60 பார் பம்ப் வேண்டும். கல்லூரியில் அப்படி ஒரு பம்ப் இல்லை. காய்ச்சி வடிக்கலாம், ஆனால் எரிவாயுச் செலவு. கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கினால் கடலூர் வரை போய் வந்ததற்கே பொருள் இல்லை.

அதனால் நான்காவது வழிக்கு வந்தோம். 2022-ல் சீனாவில் ஷியே ஹெப்பிங் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது. ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் கெட்டியான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், நடுவில் நுண்துளைகள் உள்ள டெஃப்லான் சவ்வு. டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது, அதனால் திரவமாக எதுவும் துளைக்குள் நுழையாது. ஆவி மட்டும் நுழையும். கெட்டிக் காரத்தின் மேல் ஆவியழுத்தம் குறைவு, கடல்நீரின் மேல் அதிகம், அதனால் ஆவி தானாகவே காரத்தின் பக்கம் போய்த் தண்ணீராகிறது. உப்பு கடல்நீர்ப் பக்கமே நின்றுவிடுகிறது. உள்ளே மின்பகுப்பில் தண்ணீர் குறையக் குறையக் காரம் கெட்டியாகி இன்னும் ஆவியை இழுக்கும், பம்ப் இல்லாமலே தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஷென்ஜென் கடல்நீரில் 3,200 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். பார்க்கப் போனால் இதுவும் ஆர்.ஓ. வழியின் தம்பிதான், குளோரைடை வாசலிலேயே நிறுத்துகிற வேலை. சவ்வு எத்தனை வருடம் பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பிடிக்காமல் தாங்கும் என்பதுதான் பெரிய ஆலைக்கு இதைச் சொல்ல என்னைத் தயங்க வைக்கிறது. மேசை மேல் வைக்கிற புராஜெக்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு ஆம்பியர் ஓடினால் மணிக்கு 0.34 கிராம் தண்ணீர்தான் செலவாகும், ஹைட்ரஜன் 450 மில்லி அளவுக்கு வரும். சின்னச் சவ்வே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் ஊருக்கே உரியது. குளோரைடு உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டிய சில்வர் நைட்ரேட் வெள்ளித் தொழில் செய்கிற என் அலமாரியிலேயே இருக்கிறது. காரத்தில் ஒரு மில்லி எடுத்து, தண்ணீர் கலந்து, நைட்ரிக் ஆசிட் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலமாக்கிய பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. குளோரைடு இருந்தால் தயிர் மாதிரி வெள்ளை விழும். அமிலமாக்காமல் விட்டால் பழுப்பாகச் சில்வர் ஆக்சைடு விழுந்து குழப்பிவிடும், முதல் தடவை அதுதான் ஆனது. கடையில் வாங்குகிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும், அதனால் புதுக் கரைசலில் ஒரு குழாய் செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட வேண்டும். கண்ணாடி போடாமல் யாரும் காரத்தைத் தொடக் கூடாது என்பது என் ஒரே கண்டிப்பு.

பாலிபுரொப்பிலீன் பெட்டி, காரத்துக்குள் நிக்கல் வலை இரண்டு, காரத்துக்கும் கடல்நீருக்கும் நடுவில் சவ்வு என்று செல்லைப் பூட்டி ஓட்டினோம். ஒன்பதாம் நாள் காலையில் சோதனைக் குழாயில் லேசாக வெள்ளை மங்கியது. நான்கு முகமும் வாடிப்போயின. சவ்வு கிழிந்திருக்கும் என்று நினைத்துப் பிரித்தால் சவ்வு முழுசாக இருந்தது, அதைச் சுற்றிப் போட்ட ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் சரியாக உட்காராமல் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. காரத்துக்குத் தாங்குகிற ஈ.பி.டி.எம். ரப்பரில் ஒரே துண்டாக வெட்டிப் போட்டோம், காரத்தையும் மாற்றினோம். நிக்கல் வலையை லென்ஸில் பார்த்தேன். குழி எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது சோலார். நால்வரில் ஒருத்தி ஏற்காட்டுப் பெண், வீட்டு மொட்டை மாடியில் பேனல் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் ஓட்ட ஆசைப்படுகிறாள். எனக்கு அங்கே ஒரு கவலை. சேர்வராயன் மலையில் பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் மேகம். கரண்ட் நிற்கிற ஒவ்வொரு தடவையும் செல் பேட்டரி மாதிரி திரும்பி ஓடும். ஆனோடில் இருக்கிற நிக்கல் ஆக்சைடும் கேத்தோடில் இருக்கிற ஹைட்ரஜனும் ஒன்றையொன்று தின்னும், அந்த எதிர்க் கரண்டில் கேத்தோடு பூச்சுதான் முதலில் போகும். எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் இந்த அரிப்பு வரும். காஸ்டிக் சோடா ஆலைகளில் செல்லை நிறுத்தும்போது சின்ன ரெக்டிஃபையர் ஒன்று கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். அதனால் பேனலுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரி வைத்து, மேகம் மறைத்தாலும் செல்லில் வோல்டேஜ் விழாதபடி செய்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை, அந்தச் சர்க்யூட்டை அன்றைக்குப் பூட்டிப் பார்க்கிறோம்.